பழைய வீட்டைப் பிரிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு புதுப்பிக்கும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். ஷீட் போட்ட வீடு என்றால் வீட்டுக்காரர், கொத்தனார், வெல்டர் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். பெரும்பாலானவை தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியவை.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கூரை ஷீட்டின் பெயர்தானே? சிமென்ட் ஷீட் எப்படி நோய் தரும்?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் இழைக் கனிமம். தமிழில் கல்நார் என்போம். நம் ஊர்க் கூரை ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட். சிமென்ட் விரிசல் விடாமல் பிடித்துக்கொள்வதற்காக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார் சேர்க்கிறார்கள். அதற்குக் கிரைசோடைல் என்று பெயர். நீலம், பழுப்பு வகைகளும் உண்டு. எல்லா வகைகளுமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. "வெள்ளை வகை பரவாயில்லை" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஷீட்டை அறுத்தாலோ உடைத்தாலோ இந்த இழைகள் தூசியாகக் கிளம்பும். முடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியவை என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். உடலால் அவற்றைக் கரைத்து வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா ஆகியவை இதன் முக்கிய நோய்கள். வேலையிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்ததால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இருபது வருடமாக ஷீட் வீட்டில்தான் குடியிருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

உடையாத, உதிராத ஷீட்டின் கீழே குடியிருப்பதால் வரும் ஆபத்து குறைவு. சிமென்ட் இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் பயந்துபோய் நாளைக்கே கூரையைப் பிரிக்காதீர்கள். அவசரமாகப் பிரிப்பதுதான் சும்மா விடுவதைவிட மோசம்.

ஆனால் "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்பது ஆறுதல் ஆகாது. தூசியைச் சுவாசித்த பிறகு மீசோதீலியோமா வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். இருபது வயதில் ஷீட் அறுத்த ஆள் அறுபது வயதில் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பழைய வேலை யாருக்கும் நினைவுக்கு வராது. மருத்துவர் கேட்கவும் மாட்டார். நம் ஊரில் இந்த நோயைப் பற்றி அதிகம் கேள்விப்படாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

கூரையைத் தவிர வீட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கும்?

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் சாம்பல் நிற மழைநீர்க் குழாய், கழிவறையின் காற்றுக் குழாய், புகைபோக்கி, பழைய தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பாருங்கள். கூரை முகட்டில் கவிழ்க்கும் மூடியும் அதே பொருள்தான். அறைகளைப் பிரிக்கும் தட்டை அட்டைத் தடுப்பும், உட்கூரையாக அடித்த தட்டைப் பலகையும் சந்தேகத்துக்கு உரியவை.

கூரையைவிட ஆபத்தானவையும் சில உண்டு. பழைய பாய்லர், அடுப்பு, சூளைக் கதவு ஆகியவற்றில் சுற்றிய வெள்ளைக் கயிறு, வெந்நீர்க் குழாய்மேல் பூசிய சுண்ணாம்பு போன்ற வெப்பக்காப்பு, பழைய மின்பலகைக்குப் பின்னால் வைத்த அட்டை. இவற்றில் கல்நாரின் அளவு அதிகம், பிடித்துவைக்கச் சிமென்ட்டும் இல்லை. விரலால் நசுக்கினாலே பொடியாகும். பழைய அரிசி ஆலை, பேக்கரி, லாட்ஜ் கட்டடங்களை வாங்கி வீடாக மாற்றுபவர்கள் இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். கண்ணில் பட்டால் தொடாதீர்கள். இந்த வேலையைத் தனியாக ஏற்றுச் செய்யும் தொழிற்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தை அழையுங்கள்.

எத்தனை வருடப் பழைய வீடு என்றால் சந்தேகப்பட வேண்டும்?

பிரிட்டனில் 1999இல் முழுத் தடை வந்தது. அங்கே 2000க்கு முன் கட்டிய வீடுகளைச் சந்தேகிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் முழுத் தடை 2003 இறுதியில் வந்தது. 1990க்கு முந்தைய வீடுகளில் அதிகம் இருக்கும். இணையத்தில் இந்த ஆண்டுகளைப் படித்துவிட்டு, "எங்கள் வீடு 2008இல் கட்டியது, கவலையில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இந்தியாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே ஷீட் விற்பனை நிற்கவே இல்லை. போன வருடம் போட்ட கூரையிலும் கல்நார் இருக்கலாம்.

பார்த்தே சொல்ல முடியாதா? எரித்துப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?

எரித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது எதையும் நிரூபிக்காது. அதிகச் சூடு பட்டால் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் வெடித்துச் சிதறும். உடைந்த விளிம்பை வெயிலில் பிடித்தால் மெல்லிய வெண்ணிற இழைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஆனால் மரக்கூழும் செயற்கை இழையும் கலந்த கல்நார் இல்லாத ஷீட்டிலும் அப்படித்தான் தெரியும். கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

ஷீட்டின் மேற்பரப்பில் அச்சிட்ட எழுத்து மிச்சமிருந்தால் உதவும். ஐ.எஸ். 459 என்ற எண் இருந்தால் ஆய்வகமே தேவையில்லை. அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் நெளி ஷீட்டுக்கான இந்தியத் தர எண். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வகைகளையும் விற்கும் நிறுவனங்கள் உண்டு.

பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டுமா? எங்கே செய்வது?

நெளி சிமென்ட் ஷீட் என்றால் நான் பரிசோதனைக்குச் செலவு செய்யச் சொல்வதில்லை. கல்நார் இல்லை என்பதற்கு எழுத்துபூர்வ ஆதாரம் இருந்தாலொழிய, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்தப் பணத்தை நல்ல முகக்கவசத்துக்கும் தார்ப்பாய்க்கும் செலவிடுங்கள். தட்டைப் பலகை, உட்கூரை, குழாய் வெப்பக்காப்பு போன்று இரண்டு விதமாகவும் இருக்கக்கூடிய பொருளுக்குத்தான் பரிசோதனை உண்மையில் பயன்படும்.

ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைத் தேடுங்கள். அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் "கட்டுமானப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கண்டறிதல்" இருக்கிறதா என்று கேளுங்கள். குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வகமும் அதே அங்கீகாரத்தைத்தான் வைத்திருக்கும். முனைவாக்க ஒளி நுண்ணோக்கி முறையில் பார்ப்பது வழக்கம். சந்தேகம் தீராவிட்டால் எலக்ட்ரான் நுண்ணோக்கி.

மாதிரியை நானே எடுக்கலாமா?

சிமென்ட் வகை என்றால் கவனமாக எடுக்கலாம். வெப்பக்காப்பு, கயிறு போன்ற பொடிந்துபோகும் பொருள் என்றால் எடுக்கவே கூடாது. குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, மின்விசிறியை நிறுத்துங்கள். தகுந்த முகக்கவசம் அணியுங்கள். எது தகுந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். கீழே பாலிதீன் விரியுங்கள். தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, எடுக்கப்போகும் இடத்தில் நன்றாகத் தெளியுங்கள். தண்ணீர் மட்டும் என்றால் உருண்டு ஓடிவிடும், சோப்பு கலந்தால் உள்ளே இறங்கும். ஏற்கெனவே உடைந்திருக்கும் மூலையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு, முழுக் கனத்தோடு, குறடால் ஒடித்தெடுங்கள். ரம்பமோ டிரில்லோ வேண்டாம்.

துண்டை ஜிப் பையில் போட்டு மூடி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதுங்கள். ஒடித்த விளிம்பில் பெயின்ட் தடவுங்கள். குறடையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டிவிடுங்கள். சமையலறை உட்கூரையும் முன்னறைத் தடுப்பும் வேறு வேறு காலத்தில் போட்டவை என்றால் தனித்தனி மாதிரி வேண்டும். ஒன்றில் "இல்லை" என்று வந்தால் மற்றதற்கு அது சான்றாகாது.

ஒரே ஒரு ஓட்டைதான் போட வேண்டும். அதற்குமா இவ்வளவு?

புகை வெளியேற்றும் விசிறிக்கோ டிஷ் ஆன்டெனாவுக்கோ ஓட்டை போடும் இடத்தில் நின்று பாருங்கள். டிரில் சுற்றச் சுற்றச் சாம்பல் வெள்ளைத் தூள் நேராக வேலை செய்பவர் முகத்தில் கொட்டும். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாயால் ஊதித் தள்ளுவார். வேலை முடிந்ததும் வீட்டம்மா துடைப்பத்தால் பெருக்குவார். வெயில் விழும் கோட்டில் அந்தத் தூசி எழும்புவது தெரியும். நோய் தரும் இழைகளோ அந்த வெளிச்சத்திலும் தெரியாது. ஊதுவது, பெருக்குவது, கிரைண்டரால் அறுப்பது ஆகிய மூன்றும்தான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறுகள்.

விசிறியைச் சுவரில் வைக்க முடியுமா, ஆன்டெனாவை இரும்புச் சட்டத்தில் கட்ட முடியுமா என்று முதலில் யோசியுங்கள். பெரும்பாலும் முடியும். சோலார் பலகைக்கும் இதே பதில்தான், ஷீட்டைத் துளைத்து மாட்டாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் கைத் துளைப்பான் அல்லது மிகக் குறைந்த வேகம், இடைவிடாத ஈரம், துளையின் மேல் கெட்டியான சவரக்களி (ஷேவிங் கிரீம்), பின்பு ஈரத்துணி. வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம். அதன் வடிகட்டி இந்த இழைகளைப் பிடிக்காமல் அறை முழுக்கத் தூவிவிடும்.

கோடையில் சூடு தாங்கவில்லை. கூரைக்கு வெள்ளை அடிக்கலாமா?

அடிக்கலாம், நல்லதுதான். பூச்சு மேற்பரப்பை மூடி, இழைகள் உதிர்வதையும் தடுக்கும். ஆபத்து பூசுவதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. கருத்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், அல்லது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் பம்ப்பால் அடிப்பார்கள். வெயிலிலும் மழையிலும் சிமென்ட் கரைந்து, இழைகள் தலைநீட்டி நிற்கும் மேல்தோலைத்தான் இரண்டும் பெயர்க்கின்றன. ஆஸ்திரேலிய மாநிலங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அழுத்தத் தண்ணீர் அடிப்பது சட்டப்படி குற்றம். பாசிக்கொல்லித் திரவம் தெளித்து, அது காய்ந்து செத்த பிறகு தேய்க்காமல் ஒட்டுப்பூச்சு (பிரைமர்) அடித்து, அதன்மேல் வெள்ளை அடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஷீட்டின்மேல் ஏறி நடக்காதீர்கள். பழைய ஷீட் எச்சரிக்கை கொடுக்காமல் உடையும். நோய்க்கு முப்பது வருடம் ஆகலாம், கூரையிலிருந்து விழுவதற்கு ஒரு நொடி போதும். சட்டங்களின்மேல் குறுக்காகப் பலகை போட்டு, பலகையின்மேல் மட்டுமே நடக்க வேண்டும்.

கழற்றித்தான் ஆக வேண்டும். எப்படிக் கழற்றுவது?

உடைக்காமல், ஈரமாக, மெதுவாக. இந்த மூன்றும் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும். காற்று அதிகமில்லாத காலை நேரம் நல்லது. பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே சொல்லி, கொடியில் துணி உலர்த்த வேண்டாம், ஜன்னலைச் சாத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிணறு, தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள். அறைச் சாமான்களை வெளியேற்றி, தரையில் பாலிதீன் விரியுங்கள்.

வயலுக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானைப் புதிதாக வாங்கி, மாதிரி எடுக்கச் சொன்ன அதே சோப்புத் தண்ணீரை மேலும் கீழும் தெளியுங்கள். ஈரக் கூரையில் கால் வழுக்கும். ஆகவே மேலே ஏறாமல், கீழே சாரம் கட்டி, சாரத்தில் நின்றே கழற்றுவது உத்தமம். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அங்கேதான் பொறுமை போய்ச் சுத்தியலை எடுப்பார்கள். கம்பி வெட்டும் பெரிய கத்தரியால் போல்ட்டைத் துண்டியுங்கள், கிரைண்டர் வேண்டாம். கடைசியாக வேய்ந்த ஷீட்டை முதலில் எடுங்கள். 3 மீட்டர் ஷீட் ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். குறைந்தது இரண்டு பேர் பிடித்துக் கைமாற்றி இறக்க வேண்டும். மேலிருந்து போடக் கூடாது.

வேலை முடிந்ததும் சட்டங்களையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். வேலையாட்கள் அங்கேயே கைகால் முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு போக வேண்டும். தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவது, அந்தச் சட்டையை மனைவி உதறித் துவைப்பது ஆகிய வழிகளில் தொழிற்சாலைப் பக்கமே போகாத பெண்களுக்கு மீசோதீலியோமா வந்திருப்பதைப் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மட்டும் உடுத்தி எறியும் உடையை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா? கொரோனா சமயத்து மாஸ்க் இருக்கிறதே?

துண்டு, கைக்குட்டை, நீல நிற மருத்துவ மாஸ்க் எதுவும் இந்த இழைகளைத் தடுக்காது. என்95கூட இந்த வேலைக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுக மாஸ்க் வேண்டும், அல்லது எஃப்எஃப்பி3 தர மாஸ்க். சென்னையில் பாரிமுனைப் பக்கமும் மற்ற ஊர்களில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் கடைகளிலும் கேளுங்கள். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது, காற்று பக்கவாட்டில் நுழையும். எவ்வளவு நல்ல மாஸ்க்கும் ஈரத்துக்கு மாற்று அல்ல.

கழற்றிய ஷீட் நன்றாகத்தான் இருக்கிறது. ஊரில் மாட்டுக்கொட்டகைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அங்கே அளவுக்கு அறுப்பார்கள், புதிதாக ஓட்டை போடுவார்கள். ஆபத்தை வேறொரு குடும்பத்துக்கு ஏற்றி அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான். துண்டுகளைப் பாதைப் பள்ளத்தில் போட்டு நிரப்புவதும் வேண்டாம். வண்டிச் சக்கரம் அதை வருடக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருக்கும்.

கனமான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, "ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதீர்" என்று எழுதுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கழிவு 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய கழிவுகளுக்கான கிடங்கு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எப்படி ஒப்படைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து ஷீட் வைத்திருக்கும் தனி வீட்டுக்காரருக்கு எளிய ஏற்பாடு இன்னும் இல்லை. இது அரசு உடனே சரிசெய்ய வேண்டிய குறை. பதில் கிடைக்கும்வரை சுற்றிக் கட்டிய ஷீட்டுகளை ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். ஊராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றாதீர்கள், பாவம் துப்புரவுப் பணியாளர் கையால் உடைப்பார்.

இவ்வளவு ஆபத்து என்றால் அரசு தடை செய்திருக்காதா?

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்திருக்கின்றன. இந்தியாவில் கூரை ஷீட்டுக்குத் தடை இல்லை. மலிவு, துருப்பிடிக்காது, ஓலைக் கூரைபோல் தீப்பிடிக்காது என்பதால் ஏழைகளின் கூரையாக நிலைத்துவிட்டது. ஆனால் ஆபத்தை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. 1995 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பது அந்த உத்தரவிலேயே தெரிகிறது. அந்தப் பதிவேடு ஆலைத் தொழிலாளிக்கு. நம் வீட்டில் ஷீட் அறுக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எந்தப் பதிவேடும் கிடையாது.

இலங்கையில் நீல வகைக்கு 1987இலேயே தடை வந்தது. வெள்ளை வகையையும் படிப்படியாக நிறுத்த எடுத்த முடிவை, 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்ததும் அரசு தள்ளிப்போட்டது. உலகுக்கு அதிகமாகக் கல்நார் விற்கும் நாடு ரஷ்யாதான். தடை வராததற்கு எல்லாச் சமயமும் மருத்துவம்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஷீட் கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துக் குடிக்கலாமா?

ஆபத்து மூச்சில்தான், விழுங்குவதில் அல்ல. குடிநீரில் உள்ள கல்நார் உடலுக்குத் தீங்கு செய்வதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆனாலும் பழைய, மேற்பரப்பு உதிர்ந்த கூரையின் நீரை நான் குடிக்கச் சொல்லமாட்டேன். தோட்டத்துக்கும் நிலத்தடி நீர் ஊற்றுக்கும் விடுங்கள். மழைநீர்த் தொட்டியின் அடியில் படியும் வண்டலைக் காயவிட்டுச் சுரண்டாமல் ஈரமாகவே அள்ளுங்கள்.

கழற்றாமல் மேலே தகர ஷீட் போட்டு மூடிவிடலாமா? கீழே ஜிப்ஸம் சீலிங் அடிக்கலாமா?

இரண்டும் செய்யலாம், செய்யும் விதத்தில்தான் இருக்கிறது. புதிய தகரத்தைப் பழைய ஷீட் வழியாகத் திருகினால் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் விழும். மேலே சொன்ன ஒற்றை ஓட்டைக் கதை நூறு மடங்காகும். பழைய கூரையைத் தொடாமல் சுவரில் தனிச் சட்டம் ஏற்றி அதன்மேல் போடுங்கள். கூடுதல் பாரத்தைச் சுவர் தாங்குமா என்று பொறியாளரிடம் காட்டுங்கள். சீலிங்கை ஷீட்டிலிருந்து தொங்கவிடாமல் இரும்பு அல்லது மரச் சட்டத்திலிருந்து தொங்கவிடுங்கள். மறைத்த இடத்தில் "உள்ளே ஆஸ்பெஸ்டாஸ்" என்று எழுதி, வீட்டுப் பத்திரங்களோடும் ஒரு குறிப்பு வையுங்கள். வீட்டை விற்றால் வாங்குபவருக்குச் சொல்லுங்கள்.

போன மாதம் ஷீட் அறுத்தபோது என் மகன் பக்கத்தில் நின்றான். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

வேண்டாம். எக்ஸ்ரேயில் இழைகள் தெரியாது. பாதிப்பு ஏற்பட்டாலும் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று எதையும் யாரும் நிறுவவில்லை. ஆனால் எவ்வளவு, எத்தனை முறை என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடும். ஒருநாள் நின்றதால் வரும் ஆபத்து மிகவும் சிறியது. மன உளைச்சல் வேண்டாம். அன்றைய உடையைத் தனியாக அலசி, இனி அந்த இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வருடக்கணக்கில் ஷீட் வேலை செய்தவர் கதை வேறு. அவர் எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தொழிலைச் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட்டை நிறுத்த வேண்டும். புகையும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும். ஆஸ்பெஸ்டோசிஸ் இந்தியாவில் இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் காண்டிராக்டர் "முப்பது வருடமாக அறுக்கிறோம், எங்களுக்கு என்ன ஆனது?" என்று சிரிக்கிறாரே?

இரண்டாவது பதிலில் சொன்ன 20 முதல் 50 ஆண்டுக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். பேச்சோடு விடாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: உலர்ந்த ஷீட்டை அறுக்கக் கூடாது, கிரைண்டர் கூடாது, கூரையிலிருந்து வீசக் கூடாது, மாஸ்க்கும் உடையும் வீட்டுக்காரர் செலவு, ஈரப்படுத்திக் கழற்றக் கூடுதலாக ஒரு நாள் கூலி. அந்த ஒரு நாள் கூலியை மனதாரக் கொடுங்கள். அவர் அவசரப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கூலிதான்.

பக்கத்து வீட்டில் இடிக்கிறார்கள், துண்டுகள் எங்கள் வாசலில் விழுகின்றன. புயலிலும் இப்படித்தான் விழுந்தன. என்ன செய்வது?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் கூரைகள் பறந்து தெருவெல்லாம் துண்டுகளாகக் கிடந்தன. மக்கள் வெறுங்கையால் பொறுக்கினார்கள். அத்தகைய நேரத்தில் முதலில் தண்ணீர் தெளியுங்கள். மாஸ்க், கையுறையோடு பெரிய துண்டுகளைப் பொறுக்கிப் பையில் கட்டுங்கள். பொடியை ஈரமண்ணோடு சேர்த்து அள்ளுங்கள். குழந்தைகளை அனுப்பிப் பொறுக்க வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டு வேலை என்றால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், தெரியாமல்தான் செய்வார்கள். ஒரு தெளிப்பானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாக்குவாதமே வராது. கேட்காவிட்டால் படம் எடுத்து, தேதியோடு, மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் எழுதுங்கள். அதுவரை அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள், வாசலைப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.